1855 மாடல் ரயில் இன்ஜினுக்கு ஸ்பேர் எங்கே கிடைக்கும்? - பெரம்பூரில் மீண்டும் மூச்சுவிட்ட ‘இ.ஐ.ஆர் 21’

மண்ணூரில் நாங்கள் தங்கியிருக்கும் அறையில் மொத்தம் நான்கு பேர். மூன்று பேர் ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறவர்கள். நான் மட்டும் செல்போனும் லேப்டாப்புமாகச் செய்தி எழுதிக்கொண்டிருப்பவன்.

நைட் ஷிஃப்ட் முடித்துக் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கிய நண்பனிடம், டீக்கடையில் வைத்து ஒரு வீடியோவைக் காட்டினேன். பச்சை வண்ணத்தில், நீளமான புகைபோக்கியோடு, பொம்மை மாதிரி ஒரு குட்டி ரயில் இன்ஜின். புஸ்ஸென்று ஆவி விட்டபடி எழும்பூர் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

“எந்த வருஷத்து இன்ஜின்டா இது?”

“1855.”

டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்... “மச்சான், அதுக்கு ஸ்பேர் எங்கடா வாங்குறாங்க?”

கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் சி.என்.சி மெஷின் ஓட்டுகிறவன் கேட்கக்கூடிய சரியான கேள்வி. ஒரு வண்டியின் உற்பத்தி நின்று பதினைந்து வருடமானாலே அதற்கு ஒரிஜினல் ஸ்பேர் தேடிக் கடை கடையாக அலையவேண்டியிருக்கிறது. 1855 என்றால் சிப்பாய்க் கலகத்துக்கும் இரண்டு வருடம் முந்தைய இன்ஜின். அது எப்படி இன்னும் ஓடுகிறது? விடை தேடிப் போனால், அது லண்டனிலோ டெல்லியிலோ இல்லை... நம்ம பெரம்பூரில் இருக்கிறது.

ஒரே பட்டறையில் பிறந்த இரட்டையர்

இந்த இன்ஜினின் பெயர் ‘எக்ஸ்பிரஸ்’. பதிவெண், இ.ஐ.ஆர் 21. இ.ஐ.ஆர் என்றால் ஈஸ்ட் இந்தியன் ரயில்வே. கல்கத்தாவைத் தலைமையிடமாகக்கொண்டு ரயில் ஓட்டிய ஆங்கிலேயர் காலத்து கம்பெனி. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் இருந்த கிட்சன், தாம்ஸன் அண்டு ஹெவிட்ஸன் என்ற நிறுவனம் இதை 1855-ல் செய்து, கப்பலில் கல்கத்தாவுக்கு அனுப்பிவைத்தது.

இதற்கு ஓர் உடன்பிறப்பும் உண்டு. அடுத்த எண்ணான 22. அதே பட்டறை, அதே வருடம். அந்த இன்ஜினை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். பின்னாளில் ‘ஃபேரி குயின்’ என்று பெயர் பெற்று, கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்ததே... அதுதான்.

அது எவ்வளவு பழைய காலம் என்பதற்கு நம்ம ஊர்க் கணக்கு ஒன்று சொல்கிறேன். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில், 1856 ஜூலை 1-ம் தேதி ராயபுரத்திலிருந்து ஆற்காடு பக்கம் இருக்கும் வாலாஜா ரோடு வரை ஓடியது. மண்ணூர்க்காரர்கள் இன்றைக்கும் ரயிலேறப் போகும் திருவள்ளூர், அந்தப் பாதையில்தான் இருக்கிறது. அதாவது, திருவள்ளூர் மக்கள் முதன்முதலாக ரயிலைப் பார்த்தபோது, இந்த இன்ஜினுக்கு ஏற்கெனவே ஒரு வயது!

54 வருட உழைப்பு

இன்றைய இன்ஜின்களோடு ஒப்பிட்டால் இந்த இரட்டையர் மிகச் சிறியவை. ஃபேரி குயினின் எடை சுமார் 26 டன். சக்தி 130 குதிரைத்திறன். இன்றைய சாதாரண கார் ஒன்றின் இன்ஜினே கிட்டத்தட்ட அந்தச் சக்தியைத் தந்துவிடுகிறது. முன்னால் இரண்டு, நடுவில் இரண்டு, பின்னால் இரண்டு என மொத்தம் ஆறு சக்கரங்கள். அவற்றில் நடுவில் இருக்கும் பெரிய ஜோடி மட்டும்தான் வண்டியை இழுக்கும். தண்ணீர்த் தொட்டி இன்ஜினின் அடிவயிற்றில், சட்டங்களுக்கு நடுவே இருக்கும். கொள்ளளவு சுமார் 3,000 லிட்டர். நம் தெருவுக்கு வரும் தண்ணீர் லாரியில் பாதிகூட இல்லை.

இந்தச் சிறிய உடம்பை வைத்துக்கொண்டு ஃபேரி குயின் வங்காளத்தில் ஹவுராவுக்கும் நிலக்கரி பூமியான ராணிகஞ்சுக்கும் இடையே தபால் ரயில்களை இழுத்தது. 1857 கலகத்தின்போது படை வீரர்களை ஏற்றிச் சென்றது. பிறகு பீகாரில் புதுப்பாதை போடும் வேலைக்கு அனுப்பப்பட்டது. 21, 22 இரண்டுக்குமே 1909-ல் ஓய்வு கிடைத்தது. 54 வருட சர்வீஸ்! ரயில்வே ஊழியர் ஒருவருக்குக்கூட அவ்வளவு சர்வீஸ் வாய்ப்பதில்லை.

அன்றைய டிரைவரும் ஃபயர்மேனும் பட்ட பாட்டையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ரயிலுக்கான ஏர் பிரேக்குக்கு அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் காப்புரிமை பெற்றதே 1869-ல்தான். அதற்கு முன் கையால் திருகும் பிரேக்தான். ஓடும் பாய்லருக்குள் ஆவியின் விசையாலேயே தண்ணீரைத் தள்ளும் ‘இன்ஜெக்டர்’ என்ற கருவி வந்தது 1858-ல். அதற்கு முந்தைய இன்ஜின்களில் பொதுவாக, சக்கரம் சுற்றினால்தான் பம்ப் வேலை செய்யும். ஸ்டேஷனில் அதிக நேரம் நின்று பாய்லரில் தண்ணீர் குறைந்துவிட்டால், இன்ஜினைக் கழற்றி, தண்டவாளத்தில் முன்னும் பின்னும் ஓட்டித் தண்ணீர் ஏற்றவேண்டிய காலம் அது.

எங்கள் வீட்டு ஓனரின் அம்மாவிடம் நீராவி ரயில் பற்றிக் கேட்டேன். அவர் ஏறியது இதைவிடப் பல தலைமுறை பிந்தைய இன்ஜின்கள் இழுத்த ரயிலில். “திருவள்ளூர்ல வெள்ளைச் சட்டையோட ஏறின புள்ள, சென்ட்ரல்ல கறுப்புச் சட்டையோட இறங்கும். ஜன்னல்ல தலைய நீட்டினா கண்ணுல கரி விழுந்துரும். முந்தானைய வாயில வெச்சு ஊதி ஒத்தடம் குடுத்துக்கிட்டே வருவோம்” என்று சிரித்தார்.

101 வருட மௌனம்

ஓய்வு பெற்ற பிறகு இரண்டின் பாதையும் பிரிந்தது. ஃபேரி குயின் ஹவுராவில் நின்றது. 1943-ல் உத்தரப்பிரதேசத்தில் சந்தௌசி ரயில்வே பயிற்சிப் பள்ளிக்குப் போனது. பின்னர் டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்துக்கு வந்து, 1997-ல் டெல்லி - ராஜஸ்தானின் அல்வர் இடையே சுற்றுலா ரயிலாக மறுபடியும் ஓடத் தொடங்கியது. அடுத்த ஆண்டே ‘வழக்கமான சேவையில் இருக்கும் உலகின் மிகப் பழைய நீராவி இன்ஜின்’ என்று கின்னஸ் சான்று கிடைத்தது.

‘எக்ஸ்பிரஸு’க்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. பீகாரின் ஜமால்பூர் பணிமனையிலும் ஹவுராவிலும் காட்சிப்பொருளாகவே நின்றது. ஒரு வருடம், இரண்டு வருடம் இல்லை... 101 வருடங்கள்! வெயில், மழை, துரு. வருகிறவர்கள் பார்ப்பார்கள், தொட்டுப் பார்ப்பார்கள், போய்விடுவார்கள். இனி அது ஓடும் என்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

அப்படி நின்ற இன்ஜின்தான் சென்னைக்கு வந்தது.

நண்பனின் கேள்விக்குப் பதில்

பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ், மெட்ராஸ் ரயில்வேயின் பணிமனையாக 1856-ல் தொடங்கப்பட்டது. அங்கு வந்து சேர்ந்த இன்ஜினுக்கும் பணிமனைக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. இப்போது அங்கே மின்சார இன்ஜின்களைப் பராமரிக்கிறார்கள்.

சரி, ஸ்பேர்? லீட்ஸில் இருந்த கிட்சன் தொழிற்சாலை 1938-லேயே மூடப்பட்டுவிட்டது. போன் போட்டு ஆர்டர் கொடுக்க ஆள் இல்லை. கடையில் வாங்கவும் முடியாது. ஆக ஒரே வழி, செய்துகொள்வது.

எங்கள் நண்பனுக்கு இது புரிந்த விஷயம். தேய்ந்துபோன பாகத்தைக் கையில் எடுத்து, அது புதிதாக இருந்தபோது என்ன அளவில் இருந்திருக்கும் என்று கணிக்கவேண்டும். டிராயிங் போடவேண்டும். மரத்தில் அச்சு செதுக்கி, மணலில் வார்த்து, லேத்தில் கடைந்து, ஃபிட்டர் கையால் அரம் போட்டுப் பொருத்திப் பார்க்கவேண்டும். பொருந்தவில்லையென்றால் முதலிலிருந்து. பாகமே காணவில்லை என்றால், பக்கத்தில் இருக்கும் பாகங்களைப் பார்த்து, இந்த இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று ஊகிக்கவேண்டும்.

“நாங்க ஒரே பாகத்தை ஒரு நாளைக்கு நூத்துக்கணக்குல போடுறோம். அவங்க ஒரே ஒரு பாகத்துக்கு இவ்வளவு பண்ணியிருக்காங்களா?” என்றான் அவன்.

ஓர் ஒற்றைப் பாகம் இல்லை... இத்துப்போனதும் காணாமல்போனதுமாக ஏகப்பட்டவை. பழைய தோற்றம் மாறக் கூடாது. ஆனால், இன்றைய தண்டவாளத்தில் பயணிகளோடு ஓடவேண்டும் என்பதால் பாதுகாப்பில் சமரசம் கூடாது. அதனால் 1855-ல் இல்லாத ஏர் பிரேக்கும் பொருத்தப்பட்டது.

2010 ஆகஸ்ட் 15... சுதந்திர தினத்தன்று, 101 வருடங்களுக்குப் பிறகு ‘எக்ஸ்பிரஸ்’ சென்னையில் மறுபடியும் ஓடியது. ஈஸ்ட் இந்தியன் ரயில்வே தன் முதல் ரயிலை ஹவுராவிலிருந்து ஹூக்ளிக்கு விட்டதும் ஓர் ஆகஸ்ட் 15-ம் தேதிதான். ஆண்டு மட்டும் 1854!

அதன் பிறகு எழும்பூர் - கோடம்பாக்கம் இடையே பாரம்பர்ய ரயிலாக ஓடியிருக்கிறது. 2019-ல் நாகர்கோவில் - கன்னியாகுமரி பாதையிலும் பயணிகளை ஏற்றிச் சென்றது.

உங்கள் வீட்டு குக்கரும் இந்த இன்ஜினும்

‘ஓடுகிற நிலையில்’ வைத்திருப்பது ஏன் இவ்வளவு கஷ்டம்? சமையலறைக்குப் போனால் புரிந்துவிடும்.

பிரஷர் குக்கரில் தண்ணீர் கொதித்து ஆவியாகிறது. வெளியே போக வழியில்லாததால் அழுத்தம் ஏறுகிறது. அளவை மீறினால் வெயிட்டைத் தூக்கிக்கொண்டு விசில் வருகிறது. நீராவி இன்ஜினின் பாய்லரும் அதேதான். அந்த ஆவியை விசிலாக வீணாக்காமல் சிலிண்டருக்குள் அனுப்பி, பிஸ்டனைத் தள்ளி, சக்கரத்தைச் சுற்றவைக்கிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

குக்கர் மூடியில் ஒரு ‘சேஃப்டி வால்வு’ இருக்கும், பார்த்திருப்பீர்கள். தண்ணீர் வற்றி சூடு எல்லை மீறினால், அதில் இருக்கும் உலோகம் உருகி வழிவிடும். பாய்லரிலும் இதே ஏற்பாடு உண்டு. நெருப்புப் பெட்டியின் கூரையில் ஈயம் நிரப்பிய ஓர் அடைப்பான். தண்ணீர் மட்டம் இறங்கினால் ஈயம் உருகி, ஆவி நெருப்பின் மேல் பாய்ந்து எச்சரிக்கும். குக்கர் வெடித்தால் சமையலறை நாசமாகும். பாய்லர் வெடித்தால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை.

அதனால்தான், துருப்பிடித்த ஒரு பாய்லரை நம்பி ஆவி ஏற்ற முடியாது. முதலில் தண்ணீரை நிரப்பி, வேலை செய்யும் அழுத்தத்தைவிட அதிகமாகக் கொடுத்து, எங்காவது கசிகிறதா என்று பார்ப்பார்கள். ஓட ஆரம்பித்த பிறகும் உப்புப் படிவத்தை அவ்வப்போது கழுவி எடுக்கவேண்டும். நம் வீட்டு வாட்டர் ஹீட்டர் படும் பாடுதான் அதற்கும்.

காரைப்போல சாவியைத் திருகினால் கிளம்பாது. குளிர்ந்து கிடக்கும் இன்ஜினில் நெருப்பு மூட்டி, ஆவி ஏறப் பல மணி நேரம் ஆகும். அவசரப்பட்டால் உலோகம் ஒரு பக்கம் விரிந்து, ஒரு பக்கம் விரியாமல் விரிசல் விடும். காலையில் ரயில் கிளம்பவேண்டும் என்றால், முதல் நாள் இரவே ஒருவர் தூக்கத்தைத் துறக்கவேண்டும். கரியை எங்கே தூவுவது, எவ்வளவு தூவுவது, புகையின் நிறத்தைப் பார்த்து நெருப்பின் நிலையை எப்படிக் கணிப்பது... இதெல்லாம் ஃபயர்மேனின் கைப்பழக்கம். அடர்ந்த கரும்புகை வந்தால் சினிமாவுக்கு அழகு. நல்ல ஃபயர்மேனுக்கு அது கரி வீணாகிறது என்பதற்கான அடையாளம்.

22-க்கு வந்த சோதனை

இதற்கிடையே, வடக்கில் பேரும் புகழுமாக ஓடிய ஃபேரி குயினுக்கு ஒரு கஷ்டம் வந்தது. 2011-ல் அதன் பாகங்கள் பலவற்றைத் திருடர்கள் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கின்னஸ் சான்று பெற்ற இன்ஜின், எலும்புக்கூடாக நின்றது. பித்தளையும் செம்பும் பழைய இரும்புக்கடையில் எடைக்குப் போகும்போது, அது எந்த வருடத்துப் பித்தளை என்று தராசு கேட்பதில்லை.

அதைச் சரிசெய்ய எங்கே அனுப்பினார்கள் தெரியுமா? பெரம்பூருக்குத்தான். ஏற்கெனவே அதன் உடன்பிறப்பை எழுப்பி ஓடவிட்ட கைகள் அங்கேதானே இருந்தன! 2012 டிசம்பரில் ஃபேரி குயின் மீண்டும் தண்டவாளம் ஏறியது. லீட்ஸில் ஒன்றாகப் பிறந்து, வங்காளத்தில் ஒன்றாக உழைத்த இரண்டும், ஒன்றரை நூற்றாண்டு கழித்து வடசென்னையில் ஒரே பட்டறையில் உயிர்பெற்றன.

அப்படியென்றால் அது பழைய இன்ஜின்தானா?

பாகங்களை இப்படிப் புதிதாகச் செய்து போட்டால், அது 1855 இன்ஜின் ஆகுமா? நியாயமான கேள்வி. எனக்கும் வந்தது.

திருவாரூர் ஆழித்தேரை நினைத்துக்கொண்டேன். 1926-ல் அந்தத் தேர் தீயில் எரிந்துபோனது. புதிதாகச் செய்து 1930-ல் மறுபடி ஓடியது. பிறகு திருச்சி பெல் நிறுவனம் செய்த இரும்புச் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் வந்தன. வடம்பிடிக்கும் யாராவது, ‘இது பழைய தேர் இல்லை’ என்று சொல்கிறார்களா? மரம் மாறலாம், சக்கரம் மாறலாம். வருடா வருடம் அதே வீதியில் இழுக்கப்படுகிறது, எப்படி இழுக்கவேண்டும் என்று தெரிந்த ஆட்கள் இருக்கிறார்கள் என்பதால்தான் அது ஆழித்தேர்.

இன்ஜினுக்கும் அதே கதைதான். ஒரு திருகைக்கூட மாற்றாமல் கண்ணாடிக் கூண்டில் வைப்பது ஒரு வகைப் பாதுகாப்பு. அதற்கும் மரியாதை உண்டு. ஆனால், நெருப்பு மூட்டி ஓடவிடும்போது, இன்ஜினோடு சேர்ந்து அதை ஓட்டும் வித்தையும் காப்பாற்றப்படுகிறது.

கைகளுக்கு ஸ்பேர் உண்டா?

உண்மையான கவலை இங்கேதான் இருக்கிறது.

இந்தியாவில் அகலப் பாதையில் நீராவி இன்ஜின்களின் வழக்கமான சேவை 1995 டிசம்பரோடு முடிந்தது. மீட்டர் கேஜில் இன்னும் சில ஆண்டுகள் தாக்குப்பிடித்தன. 1995-ல் 25 வயது ஃபயர்மேனாக இருந்தவர், இப்போது ஐம்பதைக் கடந்திருப்பார். ரயில்வேயில் ஓய்வு வயது 60. கணக்குப் போட்டால், தினசரி வேலையாகக் கரி அள்ளிப் போட்ட கடைசித் தலைமுறை, ஒட்டுமொத்தமாகப் பணியிலிருந்து வெளியேற அதிக காலம் இல்லை.

வித்தை ஒருமுறை விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதற்கு, நீராவி இன்ஜின் பிறந்த பிரிட்டனே உதாரணம். அங்கே ஆர்வலர்கள் நிதி திரட்டி ‘டொர்னாடோ’ என்ற பெரிய நீராவி இன்ஜினைப் புதிதாகச் செய்து 2008-ல் ஓடவிட்டார்கள். அதன் பாய்லரை மட்டும் ஜெர்மனியின் மைனிங்கன் நகரத்துப் பணிமனையில் செய்து வாங்கவேண்டியிருந்தது. உலகத்துக்கே இன்ஜின் செய்து அனுப்பிய நாட்டில், அந்த அளவு பாய்லர் செய்யும் வசதி மிஞ்சவில்லை.

நம் தமிழ்நாட்டில் இந்த விஷயத்தில் ஒரு நல்ல செய்தி உண்டு. அது நீலகிரியில் இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை மலை ரயிலை இன்றைக்கும் பல் சக்கர நீராவி இன்ஜின்தான் தள்ளிக்கொண்டு ஏறுகிறது. 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பர்யச் சின்னமான பாதை அது. சுவிட்சர்லாந்திலிருந்து வந்த அதன் பழைய இன்ஜின்கள் தளர்ந்தபோது, திருச்சி பொன்மலைப் பணிமனையே 2011 முதல் அதே வகை இன்ஜின்களைப் புதிதாகச் செய்து கொடுத்தது. முதலில் எண்ணெயில் ஓடுபவை. பிறகு நிலக்கரியில் ஓடுவதும் வந்தது. அங்கே நீராவி அன்றாட வேலையாக இருக்கிறது. அதனால் கற்றுக்கொள்ள இளைஞர்களும் இருக்கிறார்கள்.

‘எக்ஸ்பிரஸ்’ மாதிரி விசேஷ நாளில் மட்டும் ஓடும் இன்ஜினுக்கு அந்த வசதி கிடையாது. எப்போதாவது ஒரு நாள் ஓடினால், எப்போதாவதுதான் ஒருவர் கற்றுக்கொள்ள முடியும். அது மீண்டும் காட்சிப்பொருளாகிவிடக் கூடாது என்றால், அடிக்கடி ஓடவேண்டும். ஓடும்போது பெரியவர் பக்கத்தில் ஓர் இளைஞர் நிற்கவேண்டும்.

நாம் என்ன செய்யலாம்?

குழந்தைகளுக்கு நீராவி இன்ஜினைக் காட்ட, ஐ.சி.எஃப் அருகில் இருக்கும் சென்னை ரயில் அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். பழைய இன்ஜின்களைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். பாரம்பர்ய ரயில் ஓடும் அறிவிப்பு வந்தால், டிக்கெட் எடுத்து ஏறுங்கள். கூட்டம் வந்தால்தான் அடுத்த ஓட்டமும் வரும்.

இன்னொன்று, செலவே இல்லாத வேலை. பெரம்பூர், அரக்கோணம், ஜோலார்பேட்டை, பொன்மலை, விழுப்புரம், மதுரை... இந்த ஊர்களில் ரயில்வே குடும்பங்கள் ஏராளம். உங்கள் வீட்டில் ஃபயர்மேனாகவோ, டிரைவராகவோ, பாய்லர் ஷாப் ஃபிட்டராகவோ இருந்த தாத்தாவோ மாமாவோ இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை அவர் பக்கத்தில் உட்காருங்கள். போனில் ரெக்கார்டரை ஆன் செய்துவிட்டு, ‘நெருப்பை எப்படி மூட்டுவீங்க?’ என்று மட்டும் கேளுங்கள். மீதியை அவரே சொல்வார்.

நண்பனிடம் இவ்வளவையும் சொல்லி முடித்தபோது, அடுத்த ஷிஃப்டுக்கான கம்பெனி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வந்து நின்றது. அறையிலிருக்கும் இன்னொருவன் டிபன் பாக்ஸோடு ஓடினான். இவன் மட்டும் யோசனையாக உட்கார்ந்திருந்தான்.

“பெரம்பூர்ல அந்த மாதிரி வேலைக்கு ஐ.டி.ஐ முடிச்சவங்கள எடுப்பாங்களாடா?” என்றான்.

அவன் முடித்திருப்பதும் ஐ.டி.ஐ ஃபிட்டர்தான்.